ஏழு சீட்டும் என் சொந்தப் புத்தியும்

கேசினோவில் பை கவ் போக்கர் என்ற சீட்டாட்ட மேசைக்கு, சீட்டுப் போடும் டீலராகப் பயிற்சி எடுக்கச் சேர்ந்திருப்பவர்களில் மூன்று பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அவர்களில் ஒருத்தி என்னைத் தொலைபேசியில் பிடித்து, "ஆன்ட்டி, ரூல்ஸ் லேர்ன் பண்ண எவ்ளோ நாள் ஆகும்?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது சொன்ன பதில் சுருக்கமானது. முழுப் பதில் இது. மூவரும் படியுங்கள்.

விளையாட்டின் விதிகளைக் கற்க, ஊற்றிய காபி ஆறும் நேரம் போதும். டீலரின் விதிகளைக் கற்க எனக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டும், மூன்று நாள் இடைநீக்கமும் ஆயிற்று. அட்லாண்டிக் சிட்டியின் ஒரு கேசினோவில் இருபத்திரண்டு ஆண்டுகள் மேசையிலும் மேசைக்குப் பின்னாலும் நின்று ஓய்வு பெற்றவள் நான். நடைமுறைக் கையேட்டில் எந்தப் பக்கத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது என்பது வரை சொல்வேன். சீட்டைக் கலைப்பது, பந்தயச் சிப்பை அடுக்குவது எல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். வகுப்பில் சொல்லித் தராத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஆட்டம் உங்களுக்குத் தெரியும் என்றாலும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஏழு சீட்டு. அதை ஐந்தாகவும் இரண்டாகவும் பிரிக்க வேண்டும். ஐந்து பெரிய கை, இரண்டு சின்னக் கை. பெரிய கை சின்னக் கையைவிடப் பலமாக இருக்க வேண்டும். டீலரும் ஏழு சீட்டு எடுத்து அப்படியே பிரிப்பார். ஆட்டக்காரரின் இரண்டு கையும் டீலரின் இரண்டையும் வென்றால் அவருக்கு வெற்றி. இரண்டும் தோற்றால் தோல்வி. ஒன்று வென்று ஒன்று தோற்றால் சமன், கட்டியது கட்டியபடி திரும்பிவிடும். அவ்வளவுதான்.

ஆட்டக்காரர் தன் சீட்டை எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம். டீலருக்கு அந்த உரிமை கிடையாது. எந்த ஏழு சீட்டு வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரு தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் தருவார்கள். அதற்கு ஹவுஸ் வே என்று பெயர். அந்தத் தாள் எனக்கு நான்கு நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் அதில் பிழை கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள், நிகழ்தகவில் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண். சும்மா இருக்க முடியுமா?

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியின் ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் ஓர் அடுக்ககத்தில் இருந்தோம். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் என் கணவர் பார்த்துவந்த ஒப்பந்த வேலை முடிந்துபோயிருந்தது. அதோடு குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் போயிற்று. இதெல்லாம் நடக்கக் காத்திருந்தது போல அவருடைய பித்தப்பையில் கற்கள். அறுவை சிகிச்சை அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம் என்றார் மருத்துவர். காப்பீடு இல்லாதவர்களிடம் மருத்துவர்கள் இப்படித்தான் இரண்டு பக்கமும் பேசுவார்கள். நான் கேசினோவில் பகுதிநேர டீலர். பை கவ் போக்கர் கற்றுக்கொண்டால் ஒரு முழுநேர இடம் காலியாக இருக்கிறது, குடும்பத்துக்கே காப்பீடு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அந்த இடத்துக்கு நானும் இன்னொருவரும் போட்டி. இரண்டு மாதம் மேசையில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டுத் தேர்வு செய்வார்கள்.

ஆகவே தினமும் பார்க்வே நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் சீட்டுக் கட்டை விரித்தேன்.

"அங்கதான் அஞ்சு மணி நேரம் போடுற. இங்கயுமா?" என்பார் கணவர்.

"இந்தத் தாள்ல ஒரு எடம் தப்புங்க."

"கம்பெனி கொடுத்த தாளா?"

"ஆமா."

"அப்ப தப்பா இருந்தாலும் சரிதான்," என்றார். பன்னிரண்டு வருடம் வங்கிகளில் ஒப்பந்த வேலை பார்த்தவரின் ஞானம். அதை நான் மதிக்கவில்லை.

நான் கண்ட 'தப்பு' இது. டீலருக்கு இரண்டு சுமாரான ஜோடிகளும் கூடவே ஓர் ஏஸும் வந்தால், ஜோடிகளைப் பிரிக்காதே, இரண்டையும் பெரிய கையில் வை, ஏஸைச் சின்னக் கைக்குக் கொடு என்றது தாள். ஜோடிக்கு ஒரு கை என்று பிரித்து வைப்பதுதான் லாபம் என்றது என் நோட்டுப் புத்தகம். பதினோரு பக்கம் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் என் வழியிலேயே வைத்து வைத்துப் பார்த்தேன். வேலையில் தாளின் வழி, வீட்டில் என் வழி. மூளைக்கு அந்த எல்லை தெரியும். விரல்களுக்குத் தெரியாது.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். பேருந்தில் வந்த முதியவர்கள் கூட்டம். என் மேசையில் நான்கு பேர். முதல் இருக்கையில் பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு கிழவர். இரண்டாவது இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் எனக்குத் தெரிந்தவர். பார்சிப்பனி ஊர்க்காரர். ஒரு மருந்து நிறுவனத்தில் பெரிய பதவி. மாதத்துக்கு ஒருமுறை எங்கள் மாதா கோயிலில் நடக்கும் தமிழ்த் திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு எனும் பொது வேண்டுதலை வாசிப்பவர். அங்கே நான் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பேன். அதனால் அவருக்கு நான் டீச்சர். நான் கேசினோவில் வேலை பார்ப்பது கோயிலில் யாருக்கும் தெரியாது. அவர் கேசினோவுக்கு வருவது அவருடைய மனைவிக்கே தெரியாது என்பது அடுத்த நிமிடம் தெரிந்தது.

"டீச்சர், நான் இன்னிக்கு பாஸ்டன்ல இருக்கேன். கான்ஃபரன்ஸ்," என்றார், சிப்பைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல்.

தெரிந்தவர் யாராவது உங்கள் மேசையில் உட்கார்ந்தால் உடனே சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். கையேட்டில் அது தெளிவாக இருக்கிறது. நான் சொல்லவில்லை. சொன்னால், எப்படித் தெரியும், எங்கே பழக்கம் என்று கேள்வி வரும் என்று ஒரு கூச்சம். இது என் முதல் தவறு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய தவறுகள் எல்லாம் முதலில் ஒரு கூச்சமாகத்தான் வரும்.

இருபது நிமிடம் போயிருக்கும். என் ஏழு சீட்டைத் திறந்தேன். ஒன்பதில் ஒரு ஜோடி, நான்கில் ஒரு ஜோடி, ஓர் ஏஸ், ஒரு ராணி, ஒரு ஜாக்கி. என் விரல்கள் ஒன்பதுகளைப் பெரிய கையிலும் நான்குகளைச் சின்னக் கையிலும் வைத்தன. அழகாக, தயங்காமல்.

தொப்பிக்காரரின் சீட்டைத் திறந்தேன். பெரிய கை அவருடையது, சின்னக் கை என்னுடையது. சமன். அதற்கு அடையாளமாக மேசையைத் தட்டிவிட்டு அவருடைய சீட்டை எடுத்துவிட்டேன். பார்சிப்பனிக்காரரின் சீட்டைத் திறந்தேன். பெரிய கையில் வரிசையாக ஐந்து சீட்டு, எந்த ஜோடியையும் வெல்லும். சின்னக் கையில் ஏஸும் ராஜாவும். பெரிய கை அவருக்கு. ஏஸும் ராஜாவும் என் சின்னக் கையின் நான்குகளிடம் தோற்றன. சமன்.

அவருடைய ஏஸையும் ராஜாவையும் பார்த்த பிறகுதான் என் சீட்டைப் பார்த்தேன். நான் வைத்தது என் சாப்பாட்டு மேசையின் வழி. தாளின்படி இரண்டு ஜோடியும் என் பெரிய கையிலும், ஏஸும் ராணியும் சின்னக் கையிலும் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் இவருக்கு இரண்டு கையும் வெற்றி. தொப்பிக்காரருக்கோ இரண்டு கையும் தோல்வி. அவருடைய சீட்டு ஏற்கெனவே போய்விட்டது. இவருடையது இன்னும் என் விரல்களுக்கு அடியில்.

நின்று யோசிக்க எனக்கு இருந்தது ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சில் மனிதர் எவ்வளவு கணக்குப் போடுவார் என்பது ஆச்சரியம்தான். மேசையில் யாரும் கவனிக்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் அதிகம் நஷ்டமில்லை. சொன்னால், திருத்தத்தில் ஜெயிக்கப்போவது எனக்குத் தெரிந்த ஆள், தெரியும் என்று நான் சொல்லாத ஆள், என்னோடு தமிழில் முணுமுணுத்த ஆள். மேலே கேமரா. இரண்டு வாரத்தில் தேர்வு. வீட்டில் இரண்டு இட்லியும் எண்ணெய் இல்லாத சட்னியுமாகக் கணவர்.

யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது தப்பு. ஒருவர் கவனித்துவிட்டார். பார்சிப்பனிக்காரருக்கு அந்தத் தாள் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"டீச்சர், விட்டுடுங்க," என்றார் மெல்ல. "சமன்னா சமன். எனக்கு ஒண்ணும் வேணாம். கூப்பிட்டீங்கன்னா ஐடி கேப்பாங்க, பேரு எழுதுவாங்க."

"ப்ளீஸ், இங்கிலீஷ்ல பேசுங்க சார்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உள்ளங்கை இரண்டையும் விரித்து மேசையிலிருந்து விலக்கினேன். "ஃப்ளோர்!" என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

அந்த ஒரு சொல்லை இவ்வளவு சத்தமாக நான் அதுவரை சொன்னதில்லை. பக்கத்து ரூலெட் மேசையில் சுழலும் பந்து நின்றுவிட்டது போல இருந்தது. பந்து என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சூப்பர்வைசர் வந்தாள். தெற்கு ஃபிலடெல்ஃபியா பெண், என்னைவிடப் பதினாறு வயது இளையவள். எப்போதும் தூக்கம் கலைந்தவள் போன்ற முகம். அவள் பேசியதில் அச்சிடக் கூடாதவற்றை விட்டுவிட்டுத் தமிழில் தருகிறேன்.

"என்ன?"

"என் கையைத் தவறாக வைத்துவிட்டேன். ஒன்பதும் நான்கும் பெரிய கைக்குப் போக வேண்டும், ஏஸும் ராணியும் சின்னக் கைக்கு. முதல் இருக்கை சமன் என்று முடித்தாயிற்று. தாளின்படி அது தோல்வி. இரண்டாம் இருக்கையும் சமன் என்றேன். தாளின்படி அது வெற்றி."

தொப்பிக்காரர் எழுந்துவிட்டார். "ஓஹோ! எனக்குத் தோல்வி, உங்க ஆளுக்கு வெற்றியா? வந்ததிலிருந்து ரெண்டு பேரும் ஏதோ பாஷையில குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருந்தாங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்!"

சூப்பர்வைசர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அவள் கேட்பதற்குள் நான் சொன்னேன்: "பணம் கொடுப்பதற்கு முன்னால் இன்னொன்று. இரண்டாம் இருக்கையில் இருப்பவரை எனக்குத் தெரியும். எங்கள் சர்ச். அவர் உட்கார்ந்ததுமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை."

பார்சிப்பனிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்குப் பாஸ்டன் அவரைவிட்டு வெகுதூரம் போய்விட்டது.

அவள் உடனே என்னை மேசையிலிருந்து விலக்கி வேறு டீலரை நிறுத்தினாள். கேமரா அறைக்கு ஃபோன் செய்து, போன சீட்டுகளையும் இருந்த சீட்டுகளையும் சரிபார்க்கச் சொன்னாள். ஏழு நிமிடம். அதற்குள் அவள் எடுத்த முடிவை நான் சூப்பர்வைசர் ஆன பிறகும் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பார்சிப்பனிக்காரருக்கு வெற்றிப் பணம் கொடுக்கப்பட்டது, என் கையால் அல்ல, புது டீலரின் கையால். தொப்பிக்காரரின் தோல்வியை அவள் வசூலிக்கவில்லை. "தப்பு எங்களுடையது. உங்கள் சமன் சமனாகவே இருக்கட்டும்," என்றாள். உட்கார்ந்ததும் கிழவர் கேட்டார்: "அப்ப அந்தப் பொம்பள தனக்கு எதிராவா கூப்பிட்டா?" "அப்படித்தான் தெரிகிறது," என்றாள் அவள், சலிப்போடு.

பிறகு பின்னறை. என் முன்னால் ஒரு படிவம். காரணம் என்ற கட்டத்தில் அவளே எழுதியிருந்தாள்: 'புதிய டீலர். விதி மறந்துவிட்டது.'

"கையெழுத்துப் போடு. மறுபடியும் ஒரு வாரம் வகுப்பு. தெரிந்தவரைச் சொல்லாததற்கு எச்சரிக்கை. அவ்வளவுதான். தேர்வுக்கும் போகலாம்."

பேனாவைக் கையில் எடுத்தேன். இப்படி ஒரு கருணையை இந்தத் தொழிலில் உங்களுக்கு ஒருமுறைதான் காட்டுவார்கள்.

"விதி மறக்கவில்லை," என்றேன்.

"என்ன?"

"நன்றாகத் தெரியும். என் வழி அதைவிடச் சரி என்று நினைத்தேன். ஒரு வாரமாக வீட்டில் என் வழியில்தான் பழகினேன். கை அதைச் செய்துவிட்டது."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதை நான் எழுதினால் இது பிழை இல்லை, மீறல். தெரியுமா? இடைநீக்கம் உண்டு. அந்த முழுநேர இடம் போய்விடும்."

"தெரியும். ஆனால் மறந்துவிட்டது என்று எழுதினால் எனக்குத் தாளைத் திரும்பச் சொல்லித் தருவீர்கள். தாள் எனக்குத் தெரியும். என்னை நீங்கள் நிறுத்த வேண்டியது வேறு இடத்தில்."

அவள் தான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தாள். "உன் சொந்தக் கையால் எழுது," என்று படிவத்தை என் பக்கம் தள்ளினாள். எழுதினேன். 'விதி தெரியும். சொந்த வழியை மேலாகக் கருதினேன்.' என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆங்கிலத்தில் மிகச் சுத்தமான இரண்டு வாக்கியங்கள் அவை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான். அடக்கமாக இருக்கச் சொல்லிக் கையேட்டில் எங்கும் இல்லை.

மூன்று நாள் இடைநீக்கம். இடம் இன்னொருவருக்குப் போனது. நல்ல டீலர் அவர், குறை சொல்ல மாட்டேன்.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"மறந்துருச்சுன்னே கையெழுத்துப் போட்டிருக்கலாம்ல?" என்றார்.

"போட்டிருக்கலாம்."

"அந்த எடம் போனதும் கல்லு கரையவா போகுது?"

"கரையாது."

பிறகு, "உன்கிட்ட மறைக்கல்வி படிக்கிற புள்ளைங்க பாவம்டி," என்றார். சிரித்தாரா, வலித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் அவர் ஒரே பக்கத்தைத்தான் பிடித்துக்கொள்வார்.

அந்த மூன்று நாளில் சும்மா இருக்க முடியாமல் நோட்டுப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். ஏழாம் பக்கத்தில் நிறுத்தினேன். பை கவ் போக்கரில் சீட்டு ஐம்பத்து மூன்று, ஜோக்கர் உண்டு. என் பதினோரு பக்கக் கணக்கிலும் ஜோக்கர் கிடையாது. சின்ன வயதில் வீட்டில் ரம்மி ஆடும்போது ஜோக்கருக்குச் சண்டை போட்டவள், கணக்கில் அதைச் சேர்க்க மறந்திருக்கிறேன். சேர்த்துப் போட்டால் தாள் சொன்னதுதான் சரி. படிவத்தில் நான் எழுதியது அப்போதும் உண்மைதான். மேலாகக் கருதினேன் என்றுதான் எழுதியிருந்தேன், மேலானது என்று எழுதவில்லை.

அடுத்த மாதத் திருப்பலியில் பார்சிப்பனிக்காரர் மன்றாட்டு வாசித்தார். 'தங்கள் தவற்றைத் தாங்களே சொல்பவர்களுக்காக' என்று வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி கூடியிருந்தது. அவருடைய மனைவி மிகுந்த பக்தியோடு ஆமென் சொன்னார்.

அதன்பின் ஆறு மாதம் தாளின்படியே வைத்தேன். வீட்டில் சீட்டுக் கட்டைத் தொடவில்லை. கணவருக்கு இடையில் ஒருமுறை வலி வந்து அவசர சிகிச்சைக்குப் போனோம். ஊசி போட்டு, மறுபடியும் அதே இரண்டு பக்கப் பேச்சைப் பேசி அனுப்பினார்கள். மேசையில் நிற்கும்போது அதை நினைக்காமல் இருக்கப் பழகினேன் என்று சொன்னால் பொய். நினைத்துக்கொண்டே தாளின்படி வைக்கப் பழகினேன்.

மறுபடியும் ஒரு முழுநேர இடம் வந்தது. இந்த முறை ஷிஃப்ட் மேனேஜரே வந்தார். ஆளில்லாத மேசையில் என்னை நிறுத்தி ஏழு சீட்டை விரித்தார். மூன்று ஏஸ் இருந்தன. இரண்டைப் பெரிய கையிலும் ஒன்றைச் சின்னக் கையிலும் வைத்தேன்.

"இதுதான் சிறந்த வழியா?" என்றார்.

"இதுதான் ஹவுஸ் வே."

"நான் கேட்டது அதுவல்ல. உன் கோப்பைப் படித்தேன். கணக்கில் பட்டம் வாங்கியவள். உன் கருத்து என்ன?"

சூப்பர்வைசர் அவருக்குப் பின்னால் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன முறை என் கருத்தில் ஜோக்கரை விட்டுவிட்டேன்," என்றேன். "அதற்குப் பிறகு மேசைக்கு நான் கருத்தைக் கொண்டுவருவதில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் கேளுங்கள், ஒரு மணி நேரம் சொல்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. சீட்டைக் குவித்து என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். அவள் மட்டும் போகிற போக்கில், "கேன்டீனுக்கு அவர் வரமாட்டார். தப்பித்தார்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது ஃபோன் வந்தது. மனிதவளப் பிரிவுப் பெண். வணக்கத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் கணவரின் பிறந்த தேதி என்ன?"

எதற்கு என்று கேட்கவில்லை. காருக்குள் கணவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவுக் கண்ணாடியைத் தட்டினேன்.

"உங்க டேட் ஆஃப் பர்த் என்ன? சட்டுனு!"

"எதுக்கு? ஸ்கூல்ல சேக்கும்போது அப்பா குடுத்ததா, நெசமானதா?"

"ஃபார்முக்கு."

"அப்ப பாஸ்போர்ட்ல இருக்கறதச் சொல்லு," என்றார்.

பாஸ்போர்ட்டில் இருந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம். "நல்லது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவருக்கும் சேர்த்துக் காப்பீடு," என்றாள். நன்றி சொல்லிவிட்டு, பையைக் காரின் கூரைமேல் வைத்தேன்.

"என்னவாம்?" என்றார்.

"சர்ஜன் ஆபீஸுக்கு ஃபோன் போடுங்க," என்றேன்.